ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்குப் பின் வரும் சிறுநீரக அழற்சி: திசுவில் என்ன மாறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவால் வந்த தொண்டைப் புண்ணோ தோல் புண்ணோ ஆறிச் சில வாரங்களில் குழந்தையின் முகம் வீங்குகிறது, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. சில குழந்தைகளுக்குப் பயாப்ஸி (ஊசியால் சிறுநீரகத் திசுவில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது) வரை போக வேண்டியிருக்கும். அந்த அறிக்கையைக் கையில் வைத்திருக்கும் பெற்றோருக்கும், நோய்க்குறியியல் படிக்கும் மாணவர்களுக்கும், திசுவைக் கையாளும் லேப் டெக்னீஷியன்களுக்கும் இந்தப் பக்கம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: இந்த நோயின் ஸ்லைடை, நோய் தொடங்கி எத்தனையாவது நாளில் எடுத்தது என்று தெரியாமல் வாசிக்கக் கூடாது. வாரத்துக்கு வாரம் படம் மாறும்.

தொண்டையில் இருந்த கிருமி சிறுநீரகத்துக்குள் போய்விடுகிறதா?

இல்லை. சிறுநீரகத் திசுவில் கிருமி இருக்காது. கல்ச்சர் வைத்தாலும் வளராது. அங்கே வந்து சேர்வது கிருமி வெளிவிட்ட புரதங்களும், அவற்றுக்கு எதிராக உடல் உண்டாக்கிய ஆன்டிபாடிகளும், காம்ப்ளிமென்ட் எனப்படும் இரத்தத்திலுள்ள நோயெதிர்ப்புப் புரதங்களும்தான்.

இரண்டு புரதங்கள் மேல் சந்தேகம் அதிகம். ஒன்று ஸ்பெ-பி எனப்படும் நச்சுப்புரதம். இது நேர்மின்னூட்டம் கொண்டது. சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் தந்துகிகளின் (மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள்) கொத்தான குளோமெருலஸின் அடிச்சவ்வு எதிர்மின்னூட்டம் கொண்டது. அதனால் இந்தப் புரதம் சவ்வைக் கடந்து வெளிப்புறம் போய்த் தங்க முடிகிறது. பின்னால் வரும் ஆன்டிபாடி அங்கேயே அதைப் பிடிக்கிறது. மற்றொன்று பிளாஸ்மின் என்சைமைப் பிடித்துச் செயலூக்கத்தோடு வைத்திருக்கும் நாப்லர் புரதம். அந்தப் பிளாஸ்மின் சவ்வை அரிக்கிறது, அழற்சியைக் கூட்டுகிறது. இதோடு காம்ப்ளிமென்ட் அடுக்கும் தூண்டப்பட்டு, அதில் உருவாகும் சி5ஏ துண்டு நியூட்ரோஃபில் எனும் வெள்ளணுக்களை அழைத்து வருகிறது.

எல்லா ஸ்ட்ரெப்டோகாக்கஸும் இதைச் செய்வதில்லை. ஏ பிரிவில், கிருமியின் மேற்பரப்பிலுள்ள எம் புரதத்தை வைத்துப் பிரித்த எம்-1, எம்-4, எம்-12 போன்ற வகைகள் தொண்டை வழியாகவும், எம்-47, எம்-49, எம்-55, எம்-57 போன்றவை தோல் வழியாகவும் சிறுநீரக அழற்சியை உண்டாக்குபவை.

தொற்று வந்து எத்தனை நாளில் சிறுநீரகம் பாதிக்கப்படும்?

தொண்டைத் தொற்று என்றால் 1 முதல் 3 வாரம். பெரும்பாலும் 10 நாள் ஒட்டி. தோல் புண் என்றால் 3 முதல் 6 வாரம் வரை போகலாம். இந்த இடைவெளியைக் கேட்டு எழுதுவது மிக முக்கியம். தொண்டை வலி தொடங்கிய 1–3 நாளிலேயே சிறுநீரில் இரத்தம் போனால் முதலில் நினைக்க வேண்டியது, ஐஜிஏ என்னும் ஆன்டிபாடி சிறுநீரகத்தில் படியும் ஐஜிஏ நெஃப்ரோபதி.

இங்கே அடிக்கடி ஒரு தவறு நடக்கிறது. ஏஎஸ்ஓ சோதனை (ஸ்ட்ரெப்டோலைசின் ஓ என்னும் கிருமி நச்சுக்கு எதிரான ஆன்டிபாடியை அளப்பது) இயல்பாக வந்தது, எனவே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். தோல் புண்ணில் உள்ள கொழுப்புப் பொருள்கள் ஸ்ட்ரெப்டோலைசின் ஓ-வைச் செயலிழக்கச் செய்வதால் ஏஎஸ்ஓ உயராமலே போகலாம். சொறிசிரங்கு, சீழ்ப்புண் வந்த குழந்தைக்கு கிருமியின் வேறொரு என்சைமுக்கு எதிரான ஆன்டிபாடியை அளக்கும் ஆன்டி-டிஎன்ஏஸ் பி சோதனையைக் கேட்க வேண்டும்.

நல்ல குளோமெருலஸ் எப்படி இருக்கும்?

ஏறத்தாழ 200 மைக்ரான் அகலமுள்ள தந்துகிக் கொத்து. ஒவ்வொரு தந்துகியின் உள்ளேயும் உட்சுவர்ச் செல்களான எண்டோதீலியம், சுற்றி அடிச்சவ்வு, அதற்கு வெளியே போடோசைட் செல்கள். தந்துகிகளைத் தாங்கிப் பிடிப்பது மீசாஞ்சியம். 2–3 மைக்ரான் தடிமனில் வெட்டிய ஸ்லைடில் ஒரு மீசாஞ்சியப் பகுதியில் 3 உட்கருவுக்கு மேல் தெரியக் கூடாது. தந்துகிகளின் உள்வழி திறந்து, வெள்ளையாகத் தெரிய வேண்டும். இந்த வெள்ளை இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நோயில் முதலில் காணாமல் போவது அதுதான்.

ஒளி நுண்ணோக்கியில் என்ன தெரியும்?

குறைந்த உருப்பெருக்கத்திலேயே படம் பிடிபட்டுவிடும். எல்லாக் குளோமெருலஸ்களும் பெரிதாகி, செல்கள் நெருக்கியடித்து, கொத்துக்கும் அதைச் சுற்றிய பௌமன் உறைக்கும் நடுவிலுள்ள பௌமன் இடைவெளியை அடைத்துக்கொண்டு நிற்கும். ஒன்றிரண்டு மட்டும் பாதிக்கப்பட்டு மற்றவை நன்றாக இருந்தால், இந்த நோய் என்று சொல்லுமுன் யோசிக்க வேண்டும். இங்கே பாதிப்பு பரவலானது. ஒரு குளோமெருலஸுக்கும் அடுத்ததற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

உருப்பெருக்கத்தைக் கூட்டினால், தந்துகிக்குள்ளே பல மடல் உட்கரு கொண்ட நியூட்ரோஃபில்கள், அவற்றோடு மோனோசைட்டுகள், வீங்கிய எண்டோதீலியச் செல்கள், எண்ணிக்கை கூடிய மீசாஞ்சியச் செல்கள் தெரியும். இவையெல்லாம் சேர்ந்து உள்வழியை அடைத்துவிடும். அறிக்கையில் ‘டிஃபியூஸ் எண்டோகேபில்லரி புரோலிஃபெரேஷன், எக்ஸுடேட்டிவ்’ என்று எழுதுவது இதைத்தான். முதல் பாதி, செல்கள் தந்துகிக்குள் பெருகியதைச் சொல்கிறது. ‘எக்ஸுடேட்டிவ்’ என்பது நியூட்ரோஃபில்கள் நிறைய வந்திருப்பதைச் சொல்கிறது.

ஒரு சாயம் மட்டும் போட்டுப் பார்ப்பது போதாது. எச் அண்ட் ஈ-யில் நியூட்ரோஃபில் நன்றாகத் தெரியும். பிஏஎஸ்-இல் அடிச்சவ்வும் மீசாஞ்சியமும் எடுப்பாகத் தெரியும். சில்வர் சாயத்தில் சவ்வு ஒற்றைக் கோடாகவே இருக்க வேண்டும். இரட்டைக் கோடு பரவலாகத் தெரிந்தால் மெம்பரனோபுரோலிஃபெரேட்டிவ் வகை அழற்சியைத் தேட வேண்டும். மாசன் ட்ரைகுரோமில் 1000 மடங்கு எண்ணெய் லென்ஸ் வைத்துப் பொறுமையாகப் பார்த்தால், நீலச் சவ்வின் வெளி ஓரத்தில் சிறு சிவப்புப் புள்ளிகள் தென்படும். கீழே சொல்லப்போகும் ‘திமில்’ படிவுகள் அவை. எலக்ட்ரான் நுண்ணோக்கி எட்டாத ஊரில் இந்தப் புள்ளிகள் பெரிய உதவி.

சிறுநீர் ஓடும் நுண்குழாய்களிலும் அவற்றுக்கு நடுவிலுள்ள இடைத்திசுவிலும் ஒன்றும் இருக்காதா?

இருக்கும், ஆனால் குறைவு. குழாய்களுக்குள் சிவப்பணு உருளைகள் (குழாயின் வார்ப்பாகத் திரண்ட சிவப்பணுக்கள்), இடைத்திசுவில் கொஞ்சம் நீர்கோத்தல், அங்கங்கே அழற்சிச் செல்கள். குழாய்கள் சுருங்கி, இடைத்திசுவில் நார்த்தன்மை பரவியிருந்தால் அது சில வாரத்தில் வந்த மாற்றமல்ல. பழைய சிறுநீரக நோய் ஒன்று முன்பே இருந்திருக்கிறது.

திசுவில் தெரியும் இந்த மாற்றத்துக்கும் வீக்கம், இரத்த அழுத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். தந்துகிகள் அடைபட்டதால் வடிகட்டும் பரப்பு குறைகிறது, சிறுநீர் குறைகிறது. ஆனால் குழாய்கள் பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கின்றன. வந்த கொஞ்ச நீரிலிருந்தும் சோடியத்தை மறுபடி உறிஞ்சிக்கொள்கின்றன. உப்பும் நீரும் உடலில் தேங்க, முகம் வீங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. சிகிச்சையின் மையம் உப்பையும் நீரையும் கட்டுப்படுத்துவதும் சிறுநீரைப் பெருக்கும் ஃப்ரூசமைட் போன்ற மருந்துகளும் என்பதற்கு இதுவே காரணம். சவ்வில் விழுந்த சிறு கிழிசல்கள் வழியாகச் சிவப்பணுக்கள் நசுங்கி வெளிவருவதால் சிறுநீரில் உருக்குலைந்த சிவப்பணுக்களும் சிவப்பணு உருளைகளும் தெரிகின்றன. சிறுநீர் மாதிரியை வெளியேறிய ஒரு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். தாமதித்தால் உருளைகள் சிதைந்துபோகும்.

இம்யூனோஃபுளோரசன்ஸ் அறிக்கையில் ‘ஸ்டாரி ஸ்கை’, ‘கார்லண்ட்’ என்று இருக்கிறதே, அவை என்ன?

இம்யூனோஃபுளோரசன்ஸ் என்பது ஒளிரும் சாயம் இணைத்த ஆன்டிபாடிகளால் படிவுகளைக் காட்டும் சோதனை. ஐஜிஜி (ஒரு வகை ஆன்டிபாடி), சி3 (ஒரு காம்ப்ளிமென்ட் புரதம்) இரண்டும் எங்கே, எந்த வடிவில் படிந்திருக்கின்றன என்பதன் பெயர்கள். மூன்று வடிவங்கள் உண்டு.

ஸ்டாரி ஸ்கை: தந்துகிச் சுவரிலும் மீசாஞ்சியத்திலும் நுண்ணிய துகள்கள் சிதறிக் கிடக்கும். நோயின் முதல் வாரங்களில் எடுத்த திசுவில் இது சாதாரணம்.

மீசாஞ்சியல்: சுவரிலுள்ள படிவு குறைந்து மீசாஞ்சியத்தில் மட்டும் சி3 மிஞ்சும், ஐஜிஜி மங்கலாக இருக்கும் அல்லது இருக்காது. குணமாகிக்கொண்டிருக்கும் கட்டம் இது.

கார்லண்ட்: தந்துகிச் சுவர் நெடுகப் படிவுகள் தடித்து, நெருக்கமாக, ஒன்றோடொன்று சேர்ந்து ஓடும்; மீசாஞ்சியத்தில் குறைவு. இதில் திமில்கள் ஏராளம், சிறுநீரில் புரதம் அதிகம் போகும், பின்னாளில் தழும்பு விழும் வாய்ப்பும் மற்ற இரண்டைவிடக் கூடுதல். இந்தச் சொல் அறிக்கையில் இருந்தால் தொடர் கண்காணிப்பைத் தளர்த்தவே கூடாது.

படிவு எதுவானாலும் துகள்துகளாக இருக்கும். கோடு போட்டதுபோல் சீராக ஓடினால் அது வேறு நோய்.

‘ஹம்ப்’ என்பது என்ன? அது இருந்தால் நோய் உறுதியா?

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அடிச்சவ்வுக்கு வெளிப்புறம், போடோசைட்டுக்கு அடியில், கறுப்பாகக் குவிந்து நிற்கும் படிவு. தமிழில் திமில் எனலாம். அதன்மேல் படுத்திருக்கும் போடோசைட்டின் பாதங்கள் அந்த இடத்தில் ஒன்றாக இணைந்து, செல்லின் உள்ளிழைகள் அடர்ந்து தெரியும். அடியில் உள்ள சவ்வு பெரும்பாலும் கெடாமல் இருக்கும். எண்டோதீலியத்துக்கு அடியிலும் மீசாஞ்சியத்திலும் சிறு படிவுகள் இருக்கும். அழற்சிச் செல்களை அழைத்து வருவதில் இவற்றின் பங்கு பெரிது, ஏனென்றால் இரத்தத்தோடு நேரடித் தொடர்பில் இருப்பவை இவைதான்.

திமில்கள் முதல் வாரங்களில் நிறைய இருக்கும். 6–8 வாரத்தில் பெரும்பாலும் கரைந்துவிடும். கரையும்போது கறுப்பு வெளுத்து, நடுவில் வெற்றிடம் விழுந்த தோற்றம் வரும். சவ்வு மீசாஞ்சியத்தின் மேல் வளைந்து திரும்பும் பள்ளத்தில் இருக்கும் திமில்கள் கடைசியாகத்தான் போகும். தாமதமாக எடுத்த பயாப்ஸியில் முதலில் தேட வேண்டிய இடம் அந்த வளைவு.

இருந்தால் உறுதியா என்றால், இல்லை. காம்ப்ளிமென்ட் கோளாறால் சி3 படியும் நோயான சி3 குளோமெருலோபதியிலும் மற்றத் தொற்றுகளுக்குப் பின் வரும் அழற்சியிலும் திமில்கள் வரும். நோயாளியின் தொற்று வரலாறு, சி3 அளவு, ஒளி நுண்ணோக்கிப் படம் எல்லாம் சேர்ந்தால்தான் முடிவு.

நாள் செல்லச்செல்லத் திசு எப்படி மாறும்?

முதல் 2 வாரத்தில் நியூட்ரோஃபில்கள் உச்சத்தில் இருக்கும். பிறகு அவை வேகமாகக் குறைய, தந்துகிகள் மெல்லத் திறக்கும். 4–6 வாரத்தில் எடுத்தால் மீசாஞ்சியச் செல் பெருக்கம் மட்டும் மேலோங்கி நிற்கும். வரலாறு தெரியாதவர் இதைப் பார்த்து ஐஜிஏ நெஃப்ரோபதி என்றோ லூபஸ் (உடலின் எதிர்ப்பாற்றல் தன் உறுப்புகளையே தாக்கும் நோய்) என்றோ நினைக்க இடமுண்டு. அந்தப் பெருக்கம் பல மாதங்கள் நிற்கலாம். சிறுநீரில் நுண்ணிய இரத்தம் ஓராண்டுக்கு மேலும் தெரிவது இதனால்தான். அது மட்டும் இருந்தால் பதற வேண்டியதில்லை.

இரத்தத்தில் சி3 மட்டும் இந்த வரிசையில் கறாரானது. பெரும்பாலான குழந்தைகளுக்கு நோயின் தொடக்கத்தில் குறைந்து, 6–8 வாரத்தில் இயல்புக்கு வரும். சி4 என்னும் மற்றொரு காம்ப்ளிமென்ட் புரதம் பெரும்பாலும் குறையாது. பயாப்ஸி விண்ணப்பத்தில் சிறுநீர் நிறம் மாறிய தேதி, தொற்று வந்த தேதி, சி3, சி4, கிரியாட்டினின் (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் இரத்த அளவு) ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். இவை இல்லாத விண்ணப்பம் ஸ்லைடைப் பார்ப்பவரின் கையைக் கட்டிப்போட்டுவிடுகிறது.

‘கிரசென்ட்’ என்று போட்டிருந்தால்?

குளோமெருலஸின் தந்துகிச் சுவர் கிழிந்து இரத்த உறைவுப் புரதமான ஃபைப்ரின் வெளியே கசிந்தால், பௌமன் உறையின் செல்களும் மேக்ரோஃபேஜ்களும் பெருகிப் பிறை வடிவில் கொத்தைச் சுற்றி நெருக்கும். ஒன்றிரண்டு குளோமெருலஸில் இருப்பது இந்த நோயில் அரிதல்ல, குழந்தைகள் குணமாகிவிடுகிறார்கள். பாதிக்கு மேற்பட்ட குளோமெருலஸ்களில் இருந்தால் நிலைமை வேறு: கிரியாட்டினின் நாளுக்கு நாள் ஏறும், மருத்துவர்கள் நரம்பு வழி மெதில்பிரட்னிசலோன் தருவதை யோசிப்பார்கள், டயாலிசிஸ் தேவைப்படலாம்.

எண்ணிக்கையோடு பிறையின் வயதையும் அறிக்கையில் பாருங்கள். செல்லால் ஆனது புதியது, அது கரையக்கூடும். நாராக மாறியது தழும்பு. அந்தக் குளோமெருலஸ் திரும்பி வராது.

எல்லாக் குழந்தைகளுக்கும் பயாப்ஸி வேண்டுமா?

வேண்டாம். தொற்று வரலாறு தெளிவாக இருந்து, சி3 குறைந்து, சில நாளில் சிறுநீர் பெருகத் தொடங்கிவிட்டால் ஊசி தேவையில்லை. தேவைப்படுவது இந்தச் சூழல்களில்: கிரியாட்டினின் விடாமல் ஏறுவது, தொடக்கத்திலேயே சி3 இயல்பாக இருப்பது, 8 வாரம் தாண்டியும் சி3 குறைவாகவே இருப்பது, நெஃப்ரோடிக் அளவுக்கு, அதாவது மிக அதிகமாக, சிறுநீரில் புரதம் போவதும் அது குறையாததும், மூட்டுவலி, தோல் தடிப்பு என மற்ற உறுப்புகளும் பாதிக்கப்படுவது, 2 வயதுக்கும் குறைவான குழந்தை, மீண்டும் மீண்டும் சிறுநீரில் இரத்தம்.

எடுத்த திசுவைக் கையாள்வதில் எங்கே கோளாறு நடக்கிறது?

பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்தில். அல்ட்ராசவுண்ட் பார்த்து, 16 அல்லது 18 கேஜ் ஊசியில், சிறுநீரகத்தின் கீழ்முனையிலிருந்து 2 துண்டுகள் எடுப்பது வழக்கம். இவற்றை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: ஒளி நுண்ணோக்கிக்கு 10% பஃபர்டு ஃபார்மலின், இம்யூனோஃபுளோரசன்ஸுக்கு மிக்கேல் திரவம் (திசுவைக் கெடாமல் கொண்டுசெல்லும் திரவம்) அல்லது சலைனில் நனைத்த காஸில் சுற்றி உடனடியாக லேபுக்கு, எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குக் குளிரவைத்த குளூட்டரால்டிஹைடு.

பிரிக்கும் வரிசை முக்கியம். ஒவ்வொரு துண்டின் இரு முனையிலிருந்தும் 1 மி.மீ. அளவு வெட்டிக் குளூட்டரால்டிஹைடில் போடுங்கள். எந்த முனை கார்டெக்ஸ் (குளோமெருலஸ்கள் இருக்கும் வெளிப்பகுதி) என்று தெரியாவிட்டாலும் ஏதாவது ஒன்றில் குளோமெருலஸ் கிடைத்துவிடும். அடுத்து இம்யூனோஃபுளோரசன்ஸுக்கான பகுதி. ஃபார்மலின் கடைசியில்தான். ஃபார்மலினில் பட்ட ஃபோர்செப்ஸால் மற்றத் துண்டுகளைத் தொட்டால் இம்யூனோஃபுளோரசன்ஸ் கெட்டுவிடும். படிவு இருந்தும் ‘நெகடிவ்’ என்று வரும். அப்படி நடந்துவிட்டால் ஃபார்மலின் துண்டைப் பதித்த மெழுகுக் கட்டியான பாராஃபின் பிளாக்கிலிருந்தே என்சைம் கொண்டு செரிக்கவைத்துப் பார்க்கும் முறை உண்டு. ஆனால் அதில் சி3 சரியாகப் பிடிபடாது, இந்த நோய்க்கு அதுதான் முக்கியம்.

பல்லுள்ள ஃபோர்செப்ஸால் திசுவை இடுக்கிப் பிடிக்காதீர்கள். நசுங்கிய செல்களின் உட்கரு இழுபட்டு, நியூட்ரோஃபிலா லிம்ஃபோசைட்டா என்று பிரிக்க முடியாமல் போகும். உலர்ந்த காஸில் வைத்தாலும் அதே கதி. மிக்கேல் திரவத்தில் வந்த துண்டை உறையவைப்பதற்கு முன் பஃபரில் நன்றாகக் கழுவ வேண்டும். வெட்டும்போது 2–3 மைக்ரான் தாண்டக் கூடாது. 5 மைக்ரானில் வெட்டினால் இயல்பான குளோமெருலஸே செல் பெருகியதாகத் தோன்றும். ஒளி நுண்ணோக்கிக்குக் குறைந்தது 10 குளோமெருலஸ்கள் இருந்தால் நம்பிப் பேசலாம். இந்த நோய் பரவலானது என்பதால் குறைவான எண்ணிக்கையிலும் நோயைக் கண்டறியலாம், ஆனால் பிறைகளின் விகிதத்தைச் சொல்ல அது போதாது.

ஒரே மாதிரித் தெரியும் மற்ற நோய்கள் எவை?

மிகவும் ஏமாற்றுவது சி3 குளோமெருலோபதி. அதிலும் தொற்றுக்குப் பின் தொடங்கலாம், சி3 குறையும், திமிலும் இருக்கும். ஃபுளோரசன்ஸில் சி3 மட்டும் பளிச்சென்று இருந்து ஐஜிஜி இல்லாவிட்டால், குணமாகும் கட்டமா, சி3 குளோமெருலோபதியா என்பதை ஸ்லைடு மட்டும் சொல்லாது. 8–12 வாரம் கழித்து எடுக்கும் சி3 சொல்லும். லூபஸில் ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம், சி3, சி1க்யூ ஐந்தும் சேர்ந்து வரும், சி4-உம் குறையும்.

பெரியவர்களில், குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களில், ஸ்டாஃபிலோகாக்கஸ் தொற்றோடு வரும் அழற்சி ஒளி நுண்ணோக்கியில் இதைப் போலவே தெரியும். ஆனால் ஃபுளோரசன்ஸில் ஐஜிஏ மேலோங்கும். அங்கே தொற்று இன்னும் உடலில் இருக்கும்: கால் புண், எலும்பு, இதய வால்வு எங்காவது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால் அந்தத் தொற்று பெருகும்.

ஆன்டிபயாடிக் கொடுத்தால் திசு சீக்கிரம் ஆறுமா?

ஆறாது. அழற்சி தொடங்கிய பின் பென்சிலின் அதன் போக்கை மாற்றுவதில்லை. தொண்டையிலோ தோலிலோ கிருமி மிஞ்சியிருந்தால் அதை ஒழிக்கவும், வீட்டிலுள்ள மற்றக் குழந்தைகளுக்குப் பரவாமல் தடுக்கவும் கொடுக்கிறார்கள். அதற்காக அவசியம் கொடுக்க வேண்டும்.

தழும்பு மிஞ்சுமா?

குழந்தைகளில் பெரும்பாலும் இல்லை. செல்கள் வந்து நெருக்கினாலும் அடிச்சவ்வின் கட்டமைப்பு பெரும்பாலும் உடையாமல் இருக்கிறது. நியூட்ரோஃபில்கள் அழிந்து, படிவுகள் அகற்றப்பட்டதும் பழைய தந்துகிகள் அதே இடத்தில் திறந்துகொள்கின்றன. வயதானவர்கள், ஏற்கெனவே நீரிழிவால் சிறுநீரகம் கெட்டவர்கள், பிறை நிறைய இருந்தவர்கள், மாதக்கணக்கில் புரதம் போனவர்கள்: இவர்களுக்கு நிரந்தரப் பாதிப்பு வரும் வாய்ப்பு கூடுதல். குணமான குழந்தைக்கும் ஆண்டுக்கு ஒருமுறை இரத்த அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் பார்ப்பது நல்லது.

இது கூட்டமாகப் பரவியதுண்டா?

உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ரெட் லேக் பழங்குடிக் குடியிருப்பில் 1953-இலும் 1966-இலும் எம்-49 வகையால் குழந்தைகளிடையே பரவியது. டிரினிடாடில் 1971-இல் சொறிசிரங்கு பெருகியபோது அதன் கூடவே சிறுநீரக அழற்சியும் பெருகியது: சொறிந்த புண்ணில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஏறியதே காரணம். சிரங்கு மருந்தை வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் பூச வேண்டும் என்று வற்புறுத்துவதில் சிறுநீரகத்தைக் காக்கும் நோக்கமும் இருக்கிறது. பிரேசிலின் நோவா செரானாவில் 1997–98-இல் காய்ச்சாத பாலில் செய்த சீஸ் வழியாக வேறொரு ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸூஎபிடெமிகஸ், பரவிப் பெரியவர்களையும் தாக்கியது.

ஸ்லைடை வேறொரு நிபுணரிடம் காட்ட விரும்பினால் என்ன வாங்க வேண்டும்?

சாயமிட்ட எல்லா ஸ்லைடுகளும், பாராஃபின் பிளாக்கும். இம்யூனோஃபுளோரசன்ஸ் ஸ்லைடுகள் நாளடைவில் ஒளி மங்கிவிடும் என்பதால் அவற்றின் புகைப்படங்களைக் கேட்டு வாங்குங்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு எடுத்துவைத்த துண்டு பார்க்கப்படாமல் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பல இடங்களில் அதைப் பதப்படுத்தி வைத்திருப்பார்கள், பிறகும் பார்க்கலாம். இவற்றோடு முதல் நாளிலிருந்து எடுத்த சி3 அளவுகளைத் தேதி வாரியாக ஒரு தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள்.